செயலாளரின் திரிபலா

மதுக்கரை ஞானாபரணத்துக்கு அறுபத்திரண்டு வயது. பார்த்தால் ஐம்பதுதான் சொல்லலாம். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். மேடையில் மைக்கைப் பிடித்தால், வருடக் கணக்கைத் தவிர முதல் வாக்கியம் மாறவே மாறாது. "முப்பத்தெட்டு வருசமா இந்த உடம்பு ஒரு இங்கிலீஷ் மாத்திரையப் பார்த்ததில்லீங்க." கூட்டம் கைதட்டும். அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார்.

அந்த வாக்கியம் முப்பத்தாறு வருடம் உண்மையாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவருக்கு மூச்சு இழுப்பு. இருபத்து நாலு வயதில் ஒரு இயற்கை மருத்துவரிடம் போய், ஆவிக் குளியலும் பட்டினியும் பச்சைக் காய்கறியுமாக ஆறு மாதம் கிடந்து தேறினார். பிறகு அந்த வைத்தியத்தையே படித்து, மண்பட்டியும் இடுப்புக் குளியல் தொட்டியுமாகத் தொழிலையும் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் இந்த மருத்துவர்கள் மேல் யார் புகார் கொடுத்தாலும் அவர்களுக்காகப் பேச ஆள் கிடையாது. அலைந்து திரிந்து பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக் கோவையில் சங்கம் வைத்தவர் இவர்தான். இன்றைக்கு முந்நூறு உறுப்பினர்கள். அடையாள அட்டை உண்டு, வருடத்துக்கு நாலு பயிற்சி உண்டு, வழக்கு வந்தால் வக்கீலும் உண்டு.

விதிமுறைப் புத்தகத்தை எழுதியவரும் செயலாளர் ஞானாபரணமே. ஏழாவது விதி: எந்த மருந்தையும் வேறு பெயரில் கொடுக்கக் கூடாது. நாட்டு மருந்து என்று சொல்லி இங்கிலீஷ் மாத்திரையைக் கொடுக்கிறார்கள் என்பதுதான் இவர்கள் மேல் ஊர் சொல்லும் முதல் குற்றம். அதனால் ஏழாவது விதியை மீறியவருக்கு மன்னிப்பு கிடையாது. அட்டை போய்விடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உடுமலைப் பயிற்சியில் அவருக்குத் தலை சுற்றியது. பார்த்தால் பிரஷர் நூற்றெண்பது. உப்பைக் குறைத்தார், பட்டினி இருந்தார், நடந்தார். பிரஷர் இறங்குவதாக இல்லை. மனைவி கிளாடிஸ் ஒரு வழியாக அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தினம் ஒரு மாத்திரை, இறங்கிவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் மேடை வாக்கியம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, சங்கத்தின் காலி திரிபலா மாத்திரை பாட்டிலில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கே இருந்தாலும் ஒன்று. "அய்யா நேரந்தப்பாம திரிபலா எடுக்கறாருங்க, அதான் அப்படி இருக்காரு" என்று உறுப்பினர்கள் தங்கள் நோயாளிகளிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். மனிதர் மறுத்துப் பேசவில்லை.

போன மாதம் கிணத்துக்கடவு சர்ச் ஹாலில் சங்கத்தின் இலவச முகாம். மருந்து மேசையில் கிருபா இருந்தாள். அம்மாவும் அப்பாவும் தென்னந்தோப்பில் கூலி வேலை. இவள் படித்து, போன வருடம்தான் சங்கத்தில் சேர்ந்து, சொந்த ஊரிலேயே போர்டு மாட்டியவள். முகாம் முடியும் நேரத்தில் வந்து நின்றாள்.

"சார், திரிபலா தீர்ந்துபோச்சுங்க. ஒரே ஒருத்தருக்குத்தான் பாக்கி."

"என் பையில இருக்கும், எடுத்துக் குடு அம்மணி" என்றார் ஞானாபரணம், போட்டோ எடுப்பவருக்கு முகத்தைத் திருப்பியபடியே.

அன்று ஏழு மணிக்கு வீட்டில் பையைத் திறந்தால் மாத்திரை பாட்டிலைக் காணோம். சங்கத்துத் திரிபலா பாட்டில்கள் மட்டும் மூடி பிரியாமல் இருந்தன. அதே பையில் முகாம் பதிவேடும் இருந்தது. கடைசி வரி: மாரியாத்தாள், மலச்சிக்கல், திரிபலா ஒரு பாட்டில், போன் நம்பர். போனைக் கையில் எடுத்தார். என்னவென்று சொல்வது? பாட்டில் மாறிவிட்டது என்ற ஒரு வார்த்தை போதும். அது யார் மாத்திரை என்று அடுத்த கேள்வி வருமே என்று பயந்தார். திரிபலா பழுப்பாக இருக்கும், வெள்ளை மாத்திரையைப் பார்த்தால் அந்த அம்மாவே சந்தேகப்பட்டுக் கேட்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். போனை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைவீதிப் பக்கம் போனார்.

மாரியாத்தாள் சந்தேகப்படவில்லை. பாட்டிலில் எழுதியிருந்தபடி படுக்கப் போகுமுன் இரண்டு போட்டுக்கொண்டாள். விடிகாலையில் தோப்பு வேலைக்குக் கிளம்பியவள் தலை சுற்றி வாசற்படியில் விழுந்தாள். நெற்றியில் நாலு தையல். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பாட்டிலைத் திறந்து பார்த்து, இது பிரஷர் மாத்திரை என்றார். மாரியாத்தாளின் மகன் தமிழ்ச்செல்வன் சங்கத்துக்குப் புகார் எழுதினான். புகாரில் இருந்த பெயர் கிருபா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரணை. தலைவர் சாஜிதா பேகம் நடுவில் உட்கார்ந்திருந்தார். எதிரே நெற்றிக் கட்டோடு மாரியாத்தாளும் மகனும். புகாரையும் ஏழாவது விதியையும் வாசிக்க வேண்டியவர் செயலாளர். வாசித்தார். குரல்கூடத் தடுமாறவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

"நான் மூடியவே திறக்கலீங்க மேடம். சார் பையில இருந்துதான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள் கிருபா.

சாஜிதா பேகம் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என் பையில இருந்ததெல்லாம் சங்கத்துப் பாட்டில்தானுங்க" என்றார் ஞானாபரணம். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் உண்மை பேச முடியாது.

கிருபா அன்றைய மருந்து மேசையை மறுபடி நினைத்துப் பார்த்தாள். "சார் சொன்னா அப்படித்தான் இருக்குமுங்க. நாந்தான் எங்கயோ மாத்தி எடுத்துப்போட்டேனாட்டம் இருக்குது." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அட்டையின் அடியில் செயலாளர் ஞானாபரணத்தின் கையெழுத்து.

தன் கண்ணால் பார்த்ததைவிட அவர் பேச்சை அவள் நம்பியதுதான் தாங்கவில்லை. ஞானாபரணம் எழுந்து நின்றார்.

"அது என் மாத்திரைங்க. ரெண்டு வருசமா நான் பிரஷருக்குத் தின்னுட்டு இருக்கறது. திரிபலா பாட்டில்ல போட்டு வெச்சிருந்தேன். இந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க."

தமிழ்ச்செல்வன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். மாரியாத்தாள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, மடியிலிருந்த துணிப்பையில் கை விட்டு அந்தப் பாட்டிலை எடுத்து மேசையில் அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"ஏனுங்க, அப்ப இது நீங்க தெனமும் திங்கறதுங்களா? ஒரு வாரமா மாத்திரை இல்லாமயா இருக்கறீங்க? பிரஷருக்காரங்க ஒரு நாளும் உடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களே."

ஆமாம் என்று சொல்லிவிட அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அந்த அம்மா இரக்கப்பட்டிருக்கும்.

"இல்லீங்க. அன்னைக்குச் சாயந்தரமே கடைக்குப் போயி வேற வாங்கிட்டேன்."

மாரியாத்தாள் சரியென்று தலையை ஆட்டினாள். பிறகு ஆட்டுவது நின்றது. நெற்றிக் கட்டைத் தொட்டுக்கொண்டே, கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

"அப்ப, நான் மாத்திரையப் போடறதுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க" என்றார் ஞானாபரணம்.