இல்லாத படிகம்

பஞ்சு வைத்த சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து அந்தப் படிகத்தை மாமா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கண்ணில் நிற்கிறது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர், ஒளியியல் ஆராய்ச்சியாளர். நானும் கடலூரில் இயற்பியல் வாத்தியார்தான், ஆனால் ஆராய்ச்சிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். கிளைசின் என்ற வெள்ளைத் தூளையும் ஓர் உப்பையும் தண்ணீரில் கரைத்து, துளையிட்ட தாளால் மூடி, வாரக்கணக்கில் காத்திருந்து வளர்த்த படிகம் அது. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் பச்சையாக வெளியே வரும். இதுவரை உலகத்தில் இல்லாத பொருள் என்றார். மீன்குழம்பு ஆறிப்போகும்வரை அக்காவும் நானும் அதை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

அதைப்பற்றி மாமாவும் அவருடைய ஆராய்ச்சி மாணவியும் சேர்ந்து எழுதிய கட்டுரை எங்கெங்கோ பேசப்பட்டது. வேறு ஆய்வாளர்கள் தம் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டால் ஒரு மேற்கோள். அந்த எண்ணிக்கைதான் இவர்கள் உலகத்தில் அந்தஸ்து. கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மாமா காலையில் செய்தித்தாளைப் பிரிக்கும் முன் போனில் மேற்கோள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஷேர் மார்க்கெட்காரன் தோற்றான் போங்கள் என்று நான் கேலி செய்வேன்.

சில வருடங்கள் கழித்து, பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் புதிய எக்ஸ்ரே கருவி துறைக்கு வந்தது. சும்மா பார்க்கலாம் என்று மாமா தன் படிகத்தையே அதில் வைத்துப் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலமே தனியாகக் கடலூருக்கு வந்து என்னைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போனார்.

"புதுசுன்னு ஒண்ணுமில்ல மச்சான். போட்ட கிளைசினே திரும்பி வந்திருக்குது. அந்த உப்பு உள்ளயே போவல" என்றார்.

சர்க்கரைப் பாகில் கற்கண்டு விளைவித்துவிட்டு, புதுப் பண்டம் கண்டுபிடித்தேன் என்று சொன்ன கதைதான். அந்தப் பச்சை ஒளிகூட ஒருவகைக் கிளைசின் தானாகவே தருவதாம். மேற்கோள் காட்டியவர்களில் ஒருவரும் சரிபார்க்கவில்லை. "என்ன நம்பி எல்லாரும் அதே குழியில வந்து விழுறாங்க" என்றார்.

கட்டுரையைத் திரும்பப் பெற நினைத்தார். ஆய்விதழ் மாணவியின் கையெழுத்தையும் கேட்டது. அவள் அப்போது பெண்ணாடம் பக்கத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள். மாமா நேரில் போய்க் கேட்டதற்கு, முனைவர் பட்டமே அந்தக் கட்டுரையில்தான் நிற்கிறது; அது போனால் நாளைக்கு யார் வேலை தருவார்கள் என்று அழுதிருக்கிறாள். மாமா திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு சோத்துல மண்ணப் போட்டுட்டு நான் யோக்கியன் ஆவணுமா?" என்றார். எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு விழாவிலும் தலையைக் குனிந்துகொண்டு சால்வை வாங்கினார். பெரிய மனிதருக்கு எவ்வளவு அடக்கம் என்றார்கள்.

போன வருடம் சிறுநீரகம் கெட்டுக் கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவர் கேட்டது அது ஒன்றைத்தான். "எப்படியாவது அந்தக் கட்டுரைய எடுக்கச் சொல்லு மச்சான்." சரி என்றேன். அந்த வாரமே போய்விட்டார்.

காரியம் முடிந்து சில நாளில் அந்த மாணவி சிதம்பரம் வீட்டுக்கு வந்தாள். இப்போது நிரந்தர வேலை. "சார் இருந்தப்ப தைரியம் வரலம்மா. நீங்க சரின்னா, கட்டுரை தப்புன்னு எழுதிக் கையெழுத்து போட்டு அனுப்பிடுறேன்" என்றாள்.

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறிவிட்டது. "அவரு வாய் தொறந்து பேச முடியாதுன்னு தெரிஞ்சப்புறம் அவர பொய்யன்னு எழுதிக் குடுக்க வந்திருக்கியா?"

"மாமாவே ஆசப்பட்டாருக்கா. என்கிட்ட சொன்னாரு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "உங்கிட்ட சொன்னாரு. இந்தப் பொண்ணுகிட்ட சொன்னாரு. இத்தன வருஷம் கூடவே கெடந்தேன், என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடா. நான் எப்படி நம்புறது?"

அந்தப் பெண் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். கட்டுரை இன்றும் அப்படியே இருக்கிறது. மாமாமேல் எனக்குக் கோபம் வந்தது அன்றுதான். அதைச் சொல்லிச் சண்டைபோட அவர் இல்லை.