பரவையில் பிரித்த இலை

மஞ்சள் காமாலைக்குப் பிறகு என் மனைவிக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. சாப்பிட்டால்தான் பிழைப்பாள் என்றார் மருத்துவர். எழுபதுகளின் கடைசி அது. ஞாயிறுதோறும் காலைப் பலகாரத்துக்கு அவளை ஒரு புதுக் கடைக்கு அழைத்துப்போனேன். சூடு ஆறட்டும் என்பாள்; நான் சாப்பிட்டுக் கை கழுவி, காசு கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் இலை மடிந்திருக்கும். கோரிப்பாளையத்தில் மூன்று இட்லி, ரயிலடியில் இரண்டு தோசை என்று கணக்குப் போட்டு, தேறிவிடுவாள் என நம்பினேன்.

ஆறாவது கடை பரவையில், சந்தைக்கு எதிரே. நான் கை கழுவி வந்தபோது பரிமாறுகிறவர் அவள் இலையைப் பார்த்துச் சொன்னார்:

“என்னக்கா, சாவு விழுந்த துட்டி வீடு மாதிரி அந்தப் பக்கமா மடிச்சிட்டீக? நம்ம பக்கம் மடிங்க. நாலு சனம் வர்ற கடைக்கா.”

என்னைப் பார்த்துத் தயங்கியவள், வேறு வழியில்லாமல் இலையைப் பிரித்தாள். மூன்று இட்லியும் விள்ளாமல் சாம்பாரில் ஊறிக் கிடந்தன.

“எல்லாக் கடையிலயும் இப்படித்தானா?” என்றேன்.

“நீங்க எண்ணி எண்ணிச் சந்தோசப்பட்டீக. அதான் சொல்லல.”

திரும்பும் பேருந்தில், “கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கடை நல்லாருக்காம்” என்றேன்.

“போவோம்” என்றாள்.

அடுத்த ஞாயிறு அவளால் பேருந்துப் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை.