வாயில் தண்ணீர் வைத்துப் படித்தவள்

என் அக்கா கலைச்செல்விக்கு ஆங்கிலம் காது வழியாகத்தான் உள்ளே போகும். ஒரு வரியை வாய்விட்டுச் சொன்னால் உடனே புரிந்துகொள்வாள். அதே வரியைக் கண்ணால் மட்டும் பார்த்தால் எழுத்துகள் வரிசையாக நிற்கும், அர்த்தம் வராது. அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தை அப்படித்தான் கொடுத்தார்கள். டீச்சர் ஒரு வரி சொல்வார், வகுப்பு மொத்தமும் திருப்பிச் சொல்லும். மனதுக்குள் படி என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

போன கார்த்திகையில் அவள் இறந்துபோனாள். செஞ்சி கடைத்தெருவில் அவளை 'மெடிக்கல் கலை' என்றால்தான் தெரியும். பட்டம் முடித்த கையோடு கோதண்டராமன் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். சுற்றுக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள், டாக்டர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைத் தேடித்தான் வருவார்கள். மாத்திரையை எப்போது போடுவது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகமாட்டார்கள். எனக்கு இன்னா வியாதி, டாக்டர் இன்னா சொன்னாரு, பயப்படறாப்பல இருக்குதா என்று அவளைக் கேட்பார்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கடை வாசலில் நின்று கேட்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வதற்கென்றே வேலை இருக்கிறது, அதற்குச் சமூகப் பணியில் முதுகலை படிக்க வேண்டும் என்று அவள் தெரிந்துகொண்டது அந்தக் கடையில்தான். கேரளத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இருந்தது. நுழைவுத் தேர்வு எழுதித் தேற வேண்டும். தாளில் முதல் பகுதி ஆங்கிலம்.

அந்தப் பகுதியில் நீளநீளமாகப் பத்திகள் வரும். ஒவ்வொரு பத்திக்கும் கீழே கேள்விகள். எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், என்ன மனநிலையில் சொல்கிறார், கீழே உள்ளவற்றில் எதை அவர் சொல்லவே இல்லை. பழைய வினாத்தாள்களை நான் அச்செடுத்துக் கொடுப்பேன். அக்கா விடியற்காலையில் பின்பக்கத் துவைகல்மேல் உட்கார்ந்து அவற்றைச் சத்தமாகப் படிப்பாள். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் ராஜகிரி மலை நேரே தெரியும். அவள் குரல் அந்த மலைவரைக்கும் போகும் என்று நைனா சொல்வார்.

பக்கத்து வீட்டுச் சுந்தராம்பாளுக்கு அது தாங்காது. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிடுவாள்.

"இன்னாடி மீனம்பா, உம்பொண்ணு காத்தால யாரு மேல சண்டைக்குப் போறா?"

"சண்ட இல்லக்கா. பரீட்சைக்குப் படிக்கிறா."

"இங்கிலீஷ்ல திட்டுற மாதிரியே இருக்குது. எம்மாட்டுக்குக் கூட வெளங்கிடுச்சி, பால் கறக்க வுட மாட்டேங்குது."

கடையிலும் இதே கதைதான். ஆள் வராத மதியத்தில், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்து முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். கோதண்டராமன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னாம்மா கலை, மாத்திரைக்கு மந்திரம் ஓதுறியா?"

"ஓதிக் குடுத்தாத்தான் வேலை செய்யுமாம் சார். நீங்க அதுக்குத் தனியா காசு வாங்கிக்குங்க."

படித்து முடித்த பத்தியை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போவாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டோ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ கேட்பாள். கடலுக்கடியில் பாடுகிற திமிங்கலம், மழையே பார்க்காத ஊர், தேனீக்கள் வழி கண்டுபிடிக்கிற விதம் எல்லாம் எங்கள் வீட்டுக்கு இப்படி வந்தவைதான். அம்மாவுக்கு மிகவும் பிடித்தது ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றிய பத்தி. குளிர்க்கடல் நடுவே பாறை. அதன்மேல் விளக்கு. தலைமுறை தலைமுறையாக அதை ஆள் வைத்து எரித்தார்கள். பிறகு தானே எரியும் விளக்கு வந்தது. கடைசிக் காவல்காரர் கதவைப் பூட்டிச் சாவியைப் படகுக்காரனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். அவர் போன பிறகும் விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அத்தோடு பத்தி முடிந்துவிடும்.

"அப்புறம்?" என்றாள் அம்மா, முதல் தடவை கேட்டபோது.

"அவ்ளோதாம்மா. மிச்சத்த வெட்டிட்டாங்க."

"வெட்டிட்டாங்களா? அந்த வெளக்குக்காரன் எங்கதான் போனான்?"

"அத கேக்க மாட்டாங்க. எழுதுனவரு வருத்தமா சொல்றாரா, கோவமா சொல்றாரான்னுதான் கேப்பாங்க."

"வேலய வுட்டுத் தொரத்தியிருக்கானுங்க, வருத்தம் இல்லாம இன்னா? இதுக்கு ஒரு கேள்வி!"

விடைக்குறிப்பில் வேறாக இருந்தது. எழுதியவர் நடுநிலையோடு சொல்கிறாராம். அக்காவும் வருத்தம் என்றுதான் குறித்திருந்தாள். இரண்டு பேரும் அன்று முழுவதும் விடைக்குறிப்பு போட்டவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவை தேர்வு எழுதப்போனபோது விழுப்புரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மையம் போட்டிருந்தார்கள். கணினி முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். நான் வெளியே காத்திருந்தேன். அவள் வந்த முகத்தைப் பார்த்ததுமே கேட்கக் கூடாது என்று தோன்றியது. பஸ் செஞ்சி நெருங்கும்போது அவளே சொன்னாள். முதல் பத்தியைப் பாதி படித்திருக்கிறாள். பக்கத்து இருக்கைப் பையன் கையைத் தூக்கி, இவங்க சத்தம் போடறாங்க என்று சொல்லிவிட்டான். சத்தமில்லை, வெறும் முணுமுணுப்பு. மேற்பார்வையாளர் வந்து, வாயை மூடிக்கொண்டு படி, இன்னொரு தடவை புகார் வந்தால் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவேன் என்றாராம்.

"வாய மூடிட்டேன்டா பீமா. அப்புறம் ஒண்ணுமே புரியல. அதே பத்தி, அதே எழுத்து. யாரோ காத அடச்சாப்பல ஆயிடுச்சி."

மீதிக் கேள்விகளுக்கெல்லாம் கைக்கு வந்ததை அழுத்திவிட்டு வந்திருந்தாள். இடம் கிடைக்கவில்லை.

நைனா கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை இங்கே எல்லோரும் கமிட்டி என்றுதான் சொல்வார்கள். சாதுவான மனிதர்தான். ஆனால் சீயமங்கலத்திலிருந்து ஒரு வீட்டார் இரண்டு வருடமாகப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பையனுக்கு மின்வாரியத்தில் வேலை. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இன்னும் ஒரு வாட்டி எழுதும்மா. கெடச்சா போ, யாரு தடுத்தாலும் நான் பாத்துக்கறேன். கெடைக்கலன்னா சீயமங்கலத்துக்கு வாக்கு குடுத்துடுவேன். அதுக்கு மேல என்னால அவுங்கள நிறுத்தி வெக்க முடியாது."

"சரி நைனா" என்றாள்.

அடுத்த தேர்வுக்குள் அவள் வாயை மூடிப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதைவிடச் சின்ன வேலை உலகத்தில் கிடையாது என்று தோன்றும். அவள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு படித்தாள். நாக்கு உள்ளே அசைந்தது. பென்சிலைக் குறுக்கே கவ்விக்கொண்டாள்; தொண்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு படித்தால் இரண்டு வரி தாண்டுவதற்குள் கை தானாக இறங்கிவிடும்.

வழி சொன்னது அம்மாதான்.

"வாய் நெறயா தண்ணிய ஊத்திக்க. நாத்து நடும்போது நான் ஓயாம பேசறேன்னு எங்கம்மா என்ன அப்டித்தான் பண்ணுச்சி. பேசுனா தண்ணி போயிடும், அவமானமா பூடும்."

"நீ பேசாம இருந்தியா?"

"முழுங்கிட்டுப் பேசுனேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் முதல் நாள் வினாத்தாள் முழுக்க நனைந்துவிட்டது. மறுநாளும் நனைந்தது. மூன்றாவது வரியிலேயே உதடு பிரிந்து தாடையில் ஒழுகும். துவைகல்லைச் சுற்றி எப்போதும் ஈரமாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து நான் எதையாவது கேட்பேன். அவள் கன்னம் உப்பியபடி என்னை முறைப்பாள், கையில் இருப்பதை எறிவாள். சுந்தராம்பாள் மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாடி, பொண்ணுக்குப் பல்வலியா?" என்று கேட்டபோது அம்மாவே சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

மழைக்காலம் முடியும்போது ஒரு பத்தி முழுவதையும் ஒரு வாய்த் தண்ணீரோடு படித்தாள். ஆனால் புரிந்ததா என்றால் இல்லை. கேள்விகளில் பாதி தப்பு. பொங்கல் கழிந்த பிறகுதான் அது நடந்தது. ஒருநாள் படித்து முடித்துத் தண்ணீரைத் துப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், கேட்டுச்சிடா."

"இன்னா கேட்டுச்சி?"

"உள்ள. என் கொரல்தான். நான் படிக்கல, அதுவா படிக்குது."

அதன் பிறகு எங்கள் வீட்டு விடியற்காலை மாறிவிட்டது. அவள் அதே கல்லில் உட்கார்ந்திருப்பாள். தாள் புரளும் சத்தம் மட்டும் வரும். படிக்கிற வேகம் கூடிவிட்டதால் தமிழில் எடுத்துச் சொல்ல நிற்பதில்லை; ஒன்று முடிந்ததும் அடுத்தது. அம்மா கீரையோடு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போவாள். ஒருநாள், "அந்த வெளக்குக்காரன படியேன்டி, கேட்டு நாளாவுது" என்றாள். அக்கா கன்னத்தைத் தொட்டுக் காட்டி, தண்ணீர் இருக்கிறது என்று சைகை செய்தாள். பரீட்சை முடியட்டும் என்று கையாலேயே சொன்னாள்.

இரண்டாவது தேர்வுக்கும் நான்தான் கூடப் போனேன். இந்தத் தடவை வெளியே வரும்போது அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளே இருப்பது தெரிகிற பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோக அனுமதி உண்டு. ஆங்கிலப் பகுதி தொடங்கும்போது ஒரு வாய் எடுத்தவள், கடைசிப் பத்தி முடித்துத்தான் விழுங்கியிருக்கிறாள். நடுவில் கையெழுத்து வாங்க வந்த அம்மாள் பெயரைக் கேட்டாராம். வாயைத் திறக்க முடியாமல் நுழைவுச் சீட்டைத் தூக்கிக் காட்டினாளாம்.

"ஊமைன்னு நெனச்சிட்டாங்கடா. போகும்போது தோளத் தட்டிக் குடுத்துட்டுப் போனாங்க."

இடம் கிடைத்தது. நைனா அன்று கமிட்டிக்குக் காராசேவு பொட்டலத்தோடு போனார். சீயமங்கலத்துக்குத் தானே பஸ் ஏறிப் போய், மன்னிச்சிக்குங்க, பொண்ணு படிக்கப் போவுது என்று சொல்லிவிட்டு வந்தார். ஆடி முடிந்ததும் அக்காவைக் கொண்டுபோய் விடுதியில் விட்டோம். போவதற்கு முந்தின நாள் துணி மடிப்பது, ஊறுகாய் கட்டுவது என்று வீடு அமளிப்பட்டது. விளக்குக்காரனை யாரும் நினைக்கவில்லை.

மூன்றாவது மாதம் காய்ச்சலோடு வந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் அவளும் நினைத்தாள். இங்கே வந்த மறுநாளே நினைவு தப்பித் தப்பி வந்தது. காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நல்லவிதமாகத்தான் பார்த்தார்கள். யார்மேலும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. டாக்டர் சொன்னதை நைனாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. நான் எனக்குப் புரிந்ததைச் சொன்னேன். அக்கா சொல்லியிருந்தால் இன்னும் நிதானமாகச் சொல்லியிருப்பாள்.

ஒரு மாலை அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. பேச முடியவில்லை. எதிர்ச் சுவரில் கை கழுவும் முறையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது. அவள் பார்வை அதில் நின்றது. பிறகு இடமிருந்து வலமாக நகர்ந்தது, திரும்ப வந்து அடுத்த வரிக்கு இறங்கியது.

"படிக்கிறாம்மா" என்றேன்.

அம்மா அந்தப் பலகையைப் பார்க்கவில்லை. அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய் அசையலியேடா."

"மனசுக்குள்ள படிக்கிறா."

அம்மா குனிந்து, ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்தாள். "சத்தமா படி கண்ணு. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். அக்காவின் கண் அடுத்த வரிக்குப் போனது. அவ்வளவுதான். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆகி வீடு காலியான பிறகு அம்மா அதிகம் அழவில்லை. விடியற்காலையில் எழுந்து பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். "நாந்தான தண்ணிய ஊத்திக்கன்னேன்" என்று ஒரே ஒருநாள் சொன்னாள். நைனா, "அதாலதான் புள்ள ஜெயிச்சா" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இன்று காலை அம்மா என்னை எழுப்பினாள். அக்காவின் பையிலிருந்து அந்த வினாத்தாள்களை எடுத்து வைத்திருந்தாள். தண்ணீர் பட்டுக் காய்ந்து காய்ந்து அவை அப்பளம் மாதிரி ஆகியிருந்தன.

"அந்த வெளக்குக்காரன படி."

துவைகல்லில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. நின்றுகொண்டு படித்தேன். எனக்கு ஆங்கிலம் தடங்கல் இல்லாமல் வரும். ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.

"அப்டி இல்லடா" என்றாள் அம்மா. "நீ ஓடுற. கடைசில 'டோரு'ன்னு ஒண்ணு வருது பாரு, அங்க அவ நிறுத்துவா. மூச்சு வாங்கிட்டுத்தான் அடுத்தது படிப்பா."

மறுபடி முதலிலிருந்து படித்தேன். காவல்காரர் கதவைப் பூட்டும் இடத்தில் நிறுத்தினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சுந்தராம்பாள் குடத்தை நகர்த்தும் சத்தம் நின்றது. பிறகு கடைசி வரியைப் படித்தேன்.

"இப்ப சரியா இருக்குதா?"

"அவ மாதிரி இல்ல" என்றாள் அம்மா. "நாளைக்கு இன்னும் சத்தமா படி."