மெதுவா மாஸ்டரும் மேசை ரயிலும்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ‘மெதுவா மாஸ்டர்’ என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். வண்டி கிளம்புவதற்கு முன்பே அவர் வாயிலிருந்து ‘மெதுவா’ கிளம்பிவிடும்.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கென்று வைத்தது. மாஸ்டருக்கோ அது கால் வைத்துக்கொள்ளும் இடம். முன்னால் போகிற சைக்கிள்காரர் திரும்பலாமா என்று யோசிக்கும்போதே இவர் மிதித்திருப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் உட்கார்ந்த காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் அவரிடம் படித்தவர்கள் தேர்வில் அடிக்கடி கோட்டை விட்டார்கள். பள்ளி முதலாளி ஒரு நாள் தேர்வு அதிகாரியிடமே காரணம் கேட்டுவிட்டார்.

“உங்க ஆளுங்க நல்லாத்தான் ஓட்டுறாங்க. நிறுத்துற இடம் வந்ததும் பக்கத்துல உக்காந்திருக்கற என் காலைப் பாக்கறாங்க. அதான் பிரச்சினை” என்றார் அதிகாரி.

முதலாளி இதை மாஸ்டரிடம் பக்குவமாகச் சொன்னார். “பாக்கட்டுமே, பாத்து ஓட்டறது நல்லதுதானே” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

அவர் மனைவிக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல் பல்லாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். ஒரு நாள் பல்செட் வாங்க வந்த மருந்துக்கடைக்காரர், காத்திருந்த நேரத்தில் அந்த அம்மாவின் கை வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, “இந்தப் பிளாஸ்டர்ல ஒரு செங்கல் சுவர் வருமாங்க? தீப்பெட்டி உயரத்துக்கு?” என்று கேட்டார். மறுவாரம் சுவர் தயாராக இருந்தது. மருந்துக்கடைக்காரர்தான், சின்ன அளவில் ரயிலும் ஊரும் செய்து ஓட்டுகிறவர்களின் மாதிரி ரயில் சங்கத்துக்குத் தலைவர். சுவரைத் தொடர்ந்து வீடு வந்தது, வீட்டைத் தொடர்ந்து தெரு வந்தது. கொஞ்ச காலத்தில் அந்த அம்மா சங்கத்துக்கே ‘அக்கா’ ஆகிவிட்டார். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீட்டின் பின்னறை அக்காவுக்குப் போயிற்று. மாஸ்டர் அதன் வாசலோடு நின்றுகொள்வார். உள்ளே ஒரு நீளமான பலகை, அதில் மலை, தெரு, ஸ்டேஷன், சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். ரயில் இந்தச் சுவரில் கிளம்பி அந்தச் சுவரில் நின்றுவிடும். “உன் பொம்மை ரயில் எங்கயும் போகலையே” என்பார் மாஸ்டர். “இங்க போகாது” என்று மட்டும் அக்கா சொல்வார். வருடா வருடம் சங்கத்தின் கண்காட்சி சனி, ஞாயிறில் வரும். மாஸ்டருக்கு வாரக் கடைசியில்தான் வகுப்புகள் அதிகம். அதனால் அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. போக வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்த வருடம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, வண்டி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் உட்கார்ந்த மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. பால் காய்வதற்கு முன்பே அடுப்பை அணைத்தார். எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் ஜன்னலில் நின்று குரல் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் காரை அடுத்த தெருவில் நிறுத்த ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா சொன்னார். “நாளைக்கும் நாளன்னைக்கும் எனக்குக் கண்காட்சி. உங்களை இங்க விட்டுட்டுப் போனா அங்க என் கை ஓடாது. நீங்களும் வந்துடுங்க.”

“பொம்மை ரயிலைப் பாக்க நான் எதுக்கு? எனக்கு ஒரு கண்ணுதான் தெரியுது.”

“ஒரு கண்ணு போதும். சின்ன ரயில்தானே.”

மறுநாள் காலை, மருந்துக்கடைக்காரர் கொடுத்திருந்த வேனில் பலகைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அக்கா ஓட்டினார். மாஸ்டர் வழக்கம்போல ஓட்டுபவருக்குப் பக்கத்தில். முதல் திருப்பம் வந்தது. மாஸ்டரின் வலது கால் கீழே எதையோ தேடியது.

“அங்க ஒண்ணும் இல்ல, வெறும் தரைதான்” என்றார் அக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கண்காட்சி நடந்தது நீச்சல் குளத்தை ஒட்டிய விளையாட்டுக் கூடத்தில். உள்ளே நுழைந்ததும் குளோரின் வாடை அடித்தது. தரையில் பந்தாட்டக் கோடுகள். அந்தக் கோடுகளின் மேல் மேசைகளை வரிசையாகப் போட்டு, ஆளுக்கொரு பலகையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் தனியாகச் செய்தது. இங்கே வந்து எல்லாம் ஒன்றோடொன்று சேர வேண்டும். தண்டவாளத்தின் நுனிகள் மயிரிழை தப்பாமல் முட்ட வேண்டும்.

“இன்னும் ஒரு நூல் தூக்குங்க” என்று அக்கா சொன்னார். மேசைக்கடியில் படுத்திருந்த தலைவர் தூக்கினார். “அரை நூல் இறக்குங்க.” இறக்கினார். வீட்டில் மனைவி இப்படி யாரையும் ஏவி மாஸ்டர் பார்த்ததில்லை. அவர் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டார்.

கதவைத் திறந்ததும் கூட்டம் வந்தது. முதல் ரயில் கிளம்பியது. மருந்துக்கடைக்காரரின் துறைமுகத்தில் புறப்பட்டு, கிரேன்களைத் தாண்டி, சங்கத்தில் இன்னோர் உறுப்பினரான தபால்காரர் செய்த பாலத்தின் மேல் ஊர்ந்து, ஒரு குகைக்குள் போய் மறைந்தது. அது அக்காவின் மலை. மாஸ்டர் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். ரயில் குகையை விட்டு வெளியே வந்து, ஸ்டேஷனில் நின்று, ஊரைச் சுற்றிக்கொண்டு, பலகையின் ஓரத்தைக் கடந்து வேறொருவரின் கோதுமை வயலுக்குள் போயிற்று. பின்னறையில் சுவரில் முட்டிக்கொண்டு நின்ற அதே ரயில்.

அவர் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். ஒவ்வொரு வருடமும் வருகிறவர்கள் போலிருக்கிறது.

“அந்தக் கார் இன்னும் இருக்கா பாருங்க” என்றாள் மனைவி.

“இருக்கு, இருக்கு. கேட் திறந்தாலும் அந்தாளு விடமாட்டான்.”

இருவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். மாஸ்டர் ரயில்வே கேட்டைத் தேடினார். குனியக் கூடாதென்பதால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நல்ல கண்ணைப் பலகைக்கு நேராகக் கொண்டுபோனார். கேட்டுக்கு முன்னால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மஞ்சள் கார். கூரையில் எல் போர்டு. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள். உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு கையை முன்னால் நீட்டி ஊன்றியிருந்தான். பெரிய மீசை.

பாலத்தருகே நின்றிருந்த தபால்காரர் தொண்டையைச் செருமினார். “அது சும்மா விளையாட்டுக்குங்க மாஸ்டர். அந்தாளுக்குப் பேரே வெச்சிருக்கோம்.”

“என்ன பேரு?”

தபால்காரர் கொஞ்சம் இழுத்தார். “மெதுவா.”

அந்தப் பெயர் மனைவிக்குத் தெரியும் என்பதே மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் மறுபடி சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். ஊரெல்லாம் சிரிக்கிற ஒரு விஷயம் தனக்கு மட்டும் தெரியாமல் இத்தனை வருடம் நடந்திருக்கிறது. கோபம் வரவில்லை. மனசு என்னவோ போல் இருந்தது.

மதியம் கூடத்துக்குப் பின்னால், படியில் உட்கார்ந்து ரொட்டியும் டீயும் சாப்பிட்டார்கள்.

“நான்தானே அது?” என்றார் மாஸ்டர்.

அக்கா எது என்று கேட்கவில்லை. “ஆமா.”

“எப்ப செஞ்ச?”

“லைசென்ஸ் வாங்கின புதுசுல, அந்த மேட்டு ரோட்ல என்னை இறங்கச் சொல்லிட்டு நீங்க வந்து உக்காந்தீங்களே. பின்னாடி அத்தனை வண்டி நின்னு பாத்துட்டிருந்துது. அந்த வாரம் செஞ்சேன்.”

மாஸ்டருக்கு அந்த மேடு ஞாபகம் இருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் ஞாபகத்தில் இல்லை.

“கோவத்துல செஞ்சதுதான்” என்றார் அக்கா. “உங்களைக் காருக்குள்ள வெச்சு, கேட்டையும் மூடிட்டேன். ஆத்திரம் அடங்கிடுச்சு. அப்புறம் எடுத்துடலாம்னு போனேன். பசை நல்லாப் பிடிச்சிருந்துது. இழுத்தா பொம்மையோட கை உடைஞ்சிடும்போல இருந்துச்சு, விட்டுட்டேன். பழகிடுச்சு.”

மாஸ்டர் டீயைக் குடித்து முடித்தார். “மீசை ரொம்பப் பெருசா இருக்கு.”

“அப்ப அவ்வளவு இருந்துச்சு.”

உள்ளே போனால் பாலத்தில் தகராறு. ரயில் ஒவ்வொரு தடவையும் அங்கே வந்து தடம் புரண்டது. தபால்காரரை எல்லாரும் கூப்பிட்டார்கள். அவரோ கூடத்தின் மூலையில் வேறொரு மேசையில் மாட்டிக்கொண்டிருந்தார். வட்டமாக ஒரு தண்டவாளம், ஒரே ஒரு ஸ்டேஷன், சின்ன ரயில். வருகிறவர்கள் தாங்களே ஓட்டிப் பார்க்கலாம்.

“கொஞ்ச நேரம் அந்த மேசையில நீங்க உக்காருங்களேன்” என்றார் அக்கா.

“எனக்கு ரயிலைப் பத்தி என்ன தெரியும்?”

“வர்றவங்களுக்கும் தெரியாது. பக்கத்துல யாராவது இருந்தாப் போதும்.”

மாஸ்டர் போய் உட்கார்ந்தார். முதலில் வந்தது கூடத்துக்கு எதிர்ச்சாரியில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. கடையைக் கொஞ்ச நேரம் சாத்திவிட்டு வந்திருந்தார். இடுப்புத் துணியில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. ரயிலை ஆசையாகப் பார்த்தாரே தவிர, உட்கார மாட்டேன் என்றார்.

“நான் தொட்டா எது உருப்பட்டிருக்கு? கெட்டுப்போயிடும். வேற யாராவது ஓட்டட்டும்.”

இந்தப் பேச்சை மாஸ்டர் கார் கதவருகே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். “தொடவே வேணாம். சும்மா உக்காருங்க, கால் வலிக்கும்ல” என்றார். அந்த அம்மா உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து, மாஸ்டர் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றை அவர் முன்னால் தள்ளிவைத்தார். அதில் ஒரு குமிழ். “வலது பக்கம் திருப்பினா போகும், இடது பக்கம் திருப்பினா நிக்கும். வேற ஒண்ணும் இல்ல.”

அந்த அம்மா திருப்பினார். ரயில் துள்ளிக்கொண்டு ஓடியது. “மெதுவா” என்றார் மாஸ்டர். “மெதுவா, மெதுவா.” அவர் கால் சிமெண்ட் தரையை அழுத்தியது. ரயில் நிற்கவில்லை. ஸ்டேஷனைத் தாண்டி, வளைவில் சாய்ந்து, கடைசிப் பெட்டிகள் கவிழ்ந்தன.

அந்த அம்மா கையை மடியில் ஒளித்துக்கொண்டார். “நான்தான் சொன்னேனே.”

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் ஓடி வரவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. பெட்டிகளை எடுத்துத் தண்டவாளத்தில் வைக்கப் பார்த்தார். ஒற்றைக் கண்ணுக்குச் சக்கரம் பிடிபடவில்லை. “இப்படிக் கொஞ்சம் தள்ளி வைங்க” என்று பூக்கடைக்காரம்மாவே கையை நீட்டி வைத்துக்கொடுத்தார். அவர் கைபட்டு எதுவும் கெட்டுப்போகவில்லை. அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

“இன்னொரு தடவை பாருங்க” என்றார் மாஸ்டர்.

இம்முறை அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். ரயில் வளைவில் வந்தது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டார். ரயில் ஸ்டேஷனுக்கு வெகு முன்பாகவே நின்றுவிட்டது. அந்த அம்மா கேட்காமலே மறுபடி கிளப்பினார். அடுத்த சுற்றில் கொஞ்சம் தாண்டிப் போயிற்று. அதற்கடுத்த சுற்றில் ரயில் தளர்ந்து, தவழ்ந்து, பெட்டியின் கதவு சரியாக ஸ்டேஷன் மேடைக்கு நேராக வந்து நின்றது. அப்போது அந்த அம்மா மாஸ்டரைப் பார்க்கவில்லை. ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, தான் ஒருத்தியே அந்தக் கூடத்தில் இருப்பதுபோல.

இப்படி ஒரு முகத்தை மாஸ்டர் தன் காரில் பார்த்ததே இல்லை. வண்டியை நிறுத்துகிற நேரத்தில் அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் அவரையல்லவா பார்த்தார்கள்.

“இன்னும் ஒரு சுத்து?” என்றார் பூக்கடைக்காரம்மா. பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். “ஒண்ணே ஒண்ணு, விடுங்க” என்று மாஸ்டர் அவர்களைச் சமாதானப்படுத்தினார்.

பாலத்தைச் சரிசெய்துவிட்டுத் தபால்காரர் திரும்பி வந்தார். மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. “நீங்க அங்கயே பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் அந்த மேசை அவருக்குத்தான். சாயங்காலம் பலகைகளைக் கழற்றும்போது அவருக்குக் குரல் கட்டியிருந்தது. “பேசாம இருக்கறதே பெரிய வேலையா இருக்கு” என்று கரகரத்த குரலில் அக்காவிடம் சொன்னார். அக்கா திருகுகளை டப்பாவில் போட்டுக்கொண்டே சிரித்தார்.

கண் ஆறியதும் மாஸ்டர் வேலைக்குத் திரும்பினார். பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. கால் தானாகப் பிரேக்கின் மேல் போகும், அவர் எடுத்து ஓரமாக வைப்பார், மறுபடி போகும். முதல் நாள் ஒரு பெண் முனையில் திரும்பும்போது வழக்கம்போல அவரைப் பார்த்தாள். மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே ஒரு கடைப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் பதறிப்போய் அழுத்தி மிதித்தாள். இருவர் தலையும் முன்னால் போய்ப் பின்னால் வந்தது.

“நின்னுடுச்சு பாருங்க. நீங்கதான் நிறுத்தினீங்க” என்றார் மாஸ்டர்.

‘மெதுவா’ என்ற வார்த்தை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. எண்ணிக்கை குறைந்தது, அவ்வளவுதான். மேட்டு ரோட்டில் ஒரு தடவை தடுமாறிக் கால் வைத்ததும் உண்டு. ஆனாலும் அவரிடம் படித்தவர்கள் தேர்வில் தேற ஆரம்பித்தார்கள். முதலாளி அதற்கு ஆபரேஷன்தான் காரணம் என்று நம்பினார். தன் மாமியாரையும் அதே கண் டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

இப்போதெல்லாம் கண்காட்சி நாட்களில் மாஸ்டர் விடுப்பு எடுத்துவிடுகிறார். சங்கத்தில் உறுப்பினராகச் சேரச் சொன்னார்கள். சேர்ந்தால் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்பது விதி. கம்பியும் பஞ்சும் பச்சைச் சாயமும் வாங்கிவந்து பின்னறையில் உட்கார்ந்து ஒரு மரம் செய்தார். காய்ந்ததும் எடுத்துப் போய்க் காட்டினார். தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தபால்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அக்கா அதை வாங்கிப் போய்த் தன் மலைச்சரிவில் ஓரிடம் பார்த்து நட்டார். அது மரமா புதரா என்று சங்கத்தில் இன்னும் முடிவாகவில்லை. உறுப்பினர் அட்டை மட்டும் கொடுத்துவிட்டார்கள்.