மாதையன் ஏற மறுத்த போஸ்ட்

புயல் அடித்த எட்டாம் நாள் காலை, கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் எங்கள் லாரியை மறித்தார்கள். காலிக் குடங்களோடு நாற்பது ஐம்பது பெண்கள். நான் மின்வாரியத்தில் அந்தப் பிரிவின் ஃபோர்மேன். லாரியில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் போக, மற்ற ஆறு பேரும் தர்மபுரிப் பக்கத்து வயர்மேன்கள். டெல்டாவுக்குப் போக யாருக்கு விருப்பம் என்று அவர்கள் அலுவலகத்தில் கேட்டபோது, தாமாகப் பெயர் கொடுத்து வந்தவர்கள்.

முன்னால் நின்றவர் பெயர் செல்வி. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"மெயின் ரோட்டுக்குக் கரண்ட் குடுத்து மூணு நாளாச்சு. எங்களுக்கு எப்ப சார்? வாய்க்கா தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிறோம். புள்ளைங்களுக்கு வயித்தால போவுது."

தர்மபுரிக்காரர்களில் மூத்தவரான மாதையன் லாரியிலிருந்து இறங்கினார்.

"சாயங்காலத்துக்குள்ள தண்ணி மோட்டாருக்கு லைன் வந்துரும்மா. வழி விடுங்க."

வழி விட்டார்கள். எனக்குக் கோபம். நேரம் சொல்லி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் வழக்கம். அதைச் சொன்னேன். "குடிக்கிற தண்ணி கேக்குறாங்க சார்" என்றார்.

ஊருக்குள் பதினோரு போஸ்ட் சாய்ந்திருந்தது. சம்பா வயல் முழுக்கத் தண்ணீர். கிரேன் இறங்க வழியில்லை. போஸ்ட்டை எட்டுப் பேர் தோளில் தூக்கி, முழங்கால் சேற்றில் நடந்தோம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர், மற்ற அனைவரும் அவர்கள். களிமண்ணில் குழி நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. "எங்க ஊர்ல குழி தோண்டுனா கடப்பாரை வளையும். இங்க குழியே நிக்க மாட்டேங்குதே" என்று அவர்களில் ஒருவர் சிரித்தார். அடி வெட்டிய டிரம்மைக் குழியில் இறக்கி, அதற்குள் போஸ்ட்டை நிறுத்தக் காட்டிக்கொடுத்தேன். அந்த நாளில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மதியம் மூன்று மணிக்குக் கடைசி போஸ்ட். அதற்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி மோட்டார் ரூம் வரை லைன் விழாமல் தப்பியிருந்தது. இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. காலையிலேயே டிரான்ஸ்ஃபார்மரில் சுவிட்சைத் திறந்து சப்ளையை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்திருந்தோம். மேலதிகாரி அதற்குள் நான்கு முறை போன் செய்துவிட்டார். பெண்கள் குடங்களோடு வரப்பில் நின்றார்கள்.

"ஏறுங்க மாதையன்" என்றேன்.

"எர்த் ராடு எங்க சார்?"

"லாரியில இருக்கு. சப்ளை இல்லன்னு காலையிலயே பாத்தாச்சே."

"காலையில பாத்தது காலைக்கு. இப்ப எர்த் போட்டாத்தான் ஏறுவேன்."

லாரி வயலுக்கு அந்தப் பக்கம் நின்றது. போய் வர இருபது நிமிடம் ஆகும். "நான் சொல்றேன், ஏறுங்க" என்று குரலை உயர்த்தினேன். அவர் பெல்ட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தாமே லாரியை நோக்கி நடந்தார்.

வரப்பிலிருந்து செல்வியின் குரல் வந்தது. "பயமா இருந்தா வேற ஆள அனுப்புங்க சார்."

மாதையன் ராடோடு திரும்பினார். நீளமான கழி, முனையில் கொக்கி, அதிலிருந்து தரைக்கு ஒரு செம்பு வயர். லைனில் கரண்ட் வந்தால் ஆளைத் தாக்காமல் அது வழியாக மண்ணுக்குப் போய்விடும். தரையில் இரும்புக் கம்பி ஒன்றை அடித்து அதில் வயரைக் கட்டினார். கையுறை போட்டுக்கொண்டு, கீழே நின்றபடியே கொக்கியை மோட்டார் பக்கத்துக் கம்பியில் மாட்டினார்.

பட்டென்று வெடித்தது. நீல நெருப்பு தெறித்தது. அதே நொடியில், ஊர்க்கோடியில் ஏதோ இரைந்துகொண்டிருந்தது நின்றுபோனது. அது இரைந்துகொண்டிருந்ததே நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அது ஜெனரேட்டர். எங்களை நம்பிக் காத்திருக்க முடியாமல், ஊர்க்காரர்கள் சிலர் வாடகைக்குக் கொண்டுவந்து, வரப்பில் நின்ற பெண்களுக்குக்கூடத் தெரியாமல், கொஞ்ச நேரம் முன்புதான் மோட்டாரில் மாட்டியிருக்கிறார்கள். மெயினை ஆஃப் செய்யவில்லை. கரண்ட் மோட்டாருக்கும் போனது, திரும்பி எங்கள் லைனுக்கும் வந்தது. வீடுகளுக்குப் போகும் வயரெல்லாம் புயலில் அறுந்து கிடந்ததால் எந்த வீட்டிலும் பல்பு எரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

ஜெனரேட்டரை மாட்டிய எலக்ட்ரீசியன் ஓடி வந்தார். மாதையன் திட்டவில்லை. "மோட்டார் ரூம் ஃபியூஸ் கட்டை மூணையும் புடுங்கி எங்கிட்ட குடுங்க" என்றார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் எர்த் போட்டு, அதன் பிறகு ஏறினார். பொழுது சாய்வதற்குள் தொட்டியில் தண்ணீர் ஏறியது.

நான் வயல்மேட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும் நாளில் பள்ளிக்கூடத்தில் ஒரு பாராட்டு வைத்தார்கள். செல்விதான் மாதையனுக்குச் சால்வை போட்டார். "அன்னைக்கு வாய்த் துடுக்கா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்றார். பிறகு என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு, என் மேற்பார்வையில்தான் ஒரு விபத்தும் இல்லாமல் வேலை முடிந்தது என்று மைக்கில் சொன்னார்கள்.

எனக்கு நீட்டிய சால்வையை வாங்கவில்லை. மைக்கை வாங்கினேன். "எர்த் போடாம ஏறச் சொன்னது நான். அவர் என் பேச்சக் கேட்டிருந்தா இன்னிக்கு இங்க பாராட்டு இல்ல, இரங்கல் கூட்டம்" என்றேன். யாரும் கை தட்டவில்லை. மாதையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி ஏறும்போது அவரிடம் கேட்டேன். "இத ரிப்போர்ட்ல எழுதட்டுங்களா?"

"எழுதுங்க சார். படிக்கிறவங்களுக்கு உதவும்."

எழுதினேன். மெமோ வந்தது. பதில் கொடுத்தேன். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒன்றைத்தான் சொல்ல முடியும். கம்பியைத் தொடப் போகிற அந்த நிமிடத்தில் சோதித்துப் பாருங்கள், எர்த் போடுங்கள். ஊரே அவசரப்படுத்தும். என்னைப் போன்ற ஒருவர் கீழே நின்று அதட்டுவார். அவர் அனுபவசாலியாகக்கூட இருப்பார். ஏற மாட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.