அம்மா முதலில் சாப்பிட்ட மதியம்

ஓய்வூதியர்களுக்காகப் பதுளையில் நடந்த நலவாழ்வு வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். மெதுவாக, மனம் ஒன்றி, கைப்பேசியைத் தூர வைத்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று ஆலோசகராக வந்த இளைஞர் விளக்கினார். மதிய இடைவேளையில் அவர் ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் ரோல்ஸுமாக நின்றதைப் பார்த்தேன். சுகாதாரத் திணைக்களத்தில் நிர்வாக வேலை பார்த்து முடி நரைத்தவள் நான். ஒரு தாதியை இடம் மாற்றுவதிலிருந்து உடைந்த தராசைக் கழிப்பதுவரை எல்லாவற்றுக்கும் ஒழுங்குமுறை தெரியும். சொல்கிறவர் சொன்னதைத் தானும் செய்கிறாரா என்று பார்ப்பதற்கு மட்டும் எங்களிடம் ஒழுங்குமுறை இருந்ததில்லை. அப்படியொரு பரிசோதனை நடந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். பரிசோதிக்கப்பட்டவள் என் அம்மா.

பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா மருத்துவச்சி. அப்பா அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மலையில் கொழுந்தெடுப்பவர்களை மேய்ப்பது அவர் வேலை. பள்ளி விடுமுறையில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு அம்மா போகும்போது நானும் பின்னால் போவேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அம்மா சொல்லும் பாடம் எனக்கு மனப்பாடம். பசித்ததும் சாப்பிடு, மற்றவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருக்காதே என்பதுதான் அதில் முதலில் வரும்.

அந்த வருடம் அம்மாவின் கவலையெல்லாம் ஒரு லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பிராவில், இருந்த ஒரு மருமகளைப் பற்றியது. முதல் பிள்ளை பிறந்தவுடனே தவறிப்போயிருந்தது. இரண்டாவது வயிற்றில். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே துளி சிவப்பில்லை. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததைத் தின்றாள்.

"இப்படியே போனா தாயும் தங்காது, புள்ளையும் தங்காது. சோறு எறக்குனதும் மொதல்ல இவளுக்குப் போடும்மா" என்று அம்மா மாமியாரிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

"ஆம்பளைங்க பசியோட ஒக்காந்திருக்க, பொம்பள எப்படிங்க முந்திக்கிட்டுத் திங்கிறது? அடுக்குமாங்க?"

"எல்லாம் அடுக்கும்."

பாடத்தில் பிழை கண்டுபிடித்த மாணவியின் உற்சாகத்தோடு நான் குறுக்கிட்டேன். "அம்மா, நீயும் அப்பா சாப்பிட்டப்புறந்தானே சாப்பிடுவ? நேத்து ஒனக்குக் கறியே இல்லியே!"

பீலியடியில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. வழக்கில் வென்றவர்கள் சிரிக்கத் தேவையில்லை. "பாப்பா வாயில பொய் வராதுங்க. நீங்க மொதல்ல ஒங்க வூட்டுல தின்னுட்டு வாங்கம்மா. அப்புறமா எம் மருமவளுக்குச் சொல்லுங்க."

வழியில் முதுகில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் மதியம் சோற்றை வடித்ததும் ஒரு தட்டில் தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் எனக்கும் ஒரு தட்டு. பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். வாசலில் அப்பாவின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் சடக்கென்று எழுந்து, களவெடுத்தவள் போல, தட்டை அலுமாரிக்குள் ஒளித்தாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள் சப்பாத்துச் சத்தம் கேட்டும் எழவில்லை.

அப்பா அடுப்படி வாசலிலேயே நின்றார். "என்ன, ஒடம்புக்கு முடியலயா?"

"நல்லாத்தாங்க இருக்கேன்."

"ஆஸ்பத்திரியில ஏதும் புதுச் சட்டம் போட்டிருக்காங்களா?"

"நான்தாங்க போட்டிருக்கேன். கொஞ்சம் இருங்க, சாப்பிட்டுட்டு வந்து போடுறேன்."

அன்று சப்பாத்தைக் கழற்ற அப்பாவுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு முன்னறையில் உட்கார்ந்து, ஏற்கெனவே படித்து முடித்த பத்திரிகையைச் சத்தமாகப் புரட்டினார். இப்படிச் சில நாட்கள் போயின. சமாதானம் என்று சொல்ல முடியாது; சட்டம் மட்டும் அமுலில் இருந்தது.

அப்போதுதான் ஒரு மதியம் அந்த மாமியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முழங்கால் வலிக்குத் தைலம் வேண்டுமாம். தைலத்துக்குப் போகவேண்டிய இடம் தோட்டத்து ஆஸ்பத்திரி, நேரம் காலை. முறைப்படி பார்த்தால் அவர் வந்ததே தவறு. திறந்த கதவு வழியாக அவர் கண்கள் நேரே அடுப்படிக்குப் போயின. அங்கே அம்மா கையில் கவளத்தோடு இருந்தாள். முன்னறையில், மலையில் எல்லோரையும் அதட்டும் கணக்கப்பிள்ளை, பசியோடு.

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுக்குக் காய்ச்சல் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய மானம் தப்பியிருக்கும். அந்த மருமகளின் சோறு போயிருக்கும். அப்பா வாசலைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார்.

"அம்மா சாப்பிடுறாங்க, இரும்மா. நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அம்மா தட்டை வழித்து முடிக்கும்வரை மாமியார் நின்று பார்த்தார். பிறகு தைலத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த தடவை நாங்கள் லயத்துக்குப் போனபோது மருமகள் வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். மாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். "கணக்கப்புள்ள ஐயாவே காத்துக் கெடக்காரு. எம் மவன் என்ன பெரிய தொரையா?" என்று அம்மியிடம் சொன்னார்.

அந்த மழைக்காலத்தில் பிள்ளை பிறந்தது. ஊரைக் கூட்டும் குரல் என்று வீட்டுக்கு வந்து சொன்னாள் அம்மா. தாயும் தங்கினாள்.

நான் இந்த வயதுவரை யாருக்கும் பசியோடு பரிமாறியதில்லை. கல்யாணமான புதிதில் அதை என்னுடைய துணிச்சல் என்று எண்ணியிருந்தேன். இரண்டு பேர் வெட்கத்தை விழுங்கி எனக்காகச் சம்பாதித்து வைத்தது அது என்று பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அந்த மதியங்களில் முதல் வாய் வைத்ததுமே அம்மாவின் கண் கலங்கும், அவசரமாகத் தண்ணீர் குடிப்பாள். சம்பலில் காரம் கூடிப்போச்சு என்று நான் சொன்னேன். அப்படியா பாப்பா என்று கேட்டுக்கொண்டு, மறுநாளிலிருந்து மிளகாயைக் குறைத்தாள். குறைத்த பிறகும் கண் கலங்குவது நிற்கக் கொஞ்ச நாள் ஆயிற்று.