எட்டில்லாத எண்

பிளாரன்ஸ் டீச்சர் கணக்குப் போட்டால் மீதி வராது என்று தூத்துக்குடிக் கரையில் ஒரு பேச்சு உண்டு. வந்தாலும் அவள் முறைக்கிற முறைப்பில் அதுவே ஓடிப்போகுமாம்.

அவள் புருஷன் இனிகோ சங்கு குளிக்கப் போகிறவன். வள்ளத்தில் ஒன்பது பேர். கரை தொட்டதும் இறங்குமுன் ஆளுக்கொரு எண்ணாக வரிசையில் குரல் கொடுக்க வேண்டும். யாரும் கடலில் தங்கிவிடவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இனிகோ எட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஒருநாள் மூழ்கியவன் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

செத்தவன் எண்ணை அந்த வள்ளத்தில் வேறு யாரும் எடுப்பதில்லை. "ஏழு" என்றதும் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு "ஒம்போது" என்பார்கள். அந்த மூச்சு நேரத்தைக் கேட்கவே பிளாரன்ஸ் தினமும் கரைக்கு வருவாள். செத்தவர்களுக்கு மாதா கோயிலில் வைக்கிற பூசையை அவனுக்கு வைக்கவும் அவள் விடவில்லை.

வகுப்பில் அவளுக்கு ஒரு செல்ல எண் இருந்தது: 12345679. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாம் உண்டு, எட்டு மட்டும் இல்லை.

"ஒனக்கு எந்த எண்ணுளா பிடிக்கும்? மூணா? ஒம்போதால பெருக்கு. இருவத்தேழு. அதால இதப் பெருக்கு" என்பாள். பலகை முழுக்க மூன்று மூன்றாக வந்து நிற்கும். எட்டை மட்டும் யாரையும் கேட்க விடமாட்டாள்.

மறு வருஷம் ஒரு சாயங்காலம். வள்ளம் தூரத்தில் தெரிந்தது. ஈர மணலில் சங்கு முனையால் அந்த எண்ணை எழுதினாள். வள்ளத்தில் மிஞ்சியிருப்பவர்களும் அதே எண்கள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டொன்பது எழுபத்திரண்டு. அதால் பெருக்கினாள்.

888888888.

உள்ளே போனது எட்டு இலக்கம். வெளியே வந்தது ஒன்பது.

வள்ளம் கரை தொட்டது. "எட்டு" என்றான் முதல் ஆள். "எட்டு" என்றான் அடுத்தவன். எல்லார் வாயிலும் இனிகோவின் கரகரத்த குரல். எட்டுப் பேரும் சொல்லி முடித்தபின், வள்ளத்துக்கு அடியில் தண்ணீருக்குள்ளிருந்து இன்னொன்று: "எட்டு."

இறங்கிய அத்தனை பேரும் பிளாரன்ஸை நோக்கி நடந்தார்கள். மூன்றாம் ஆள் ரோச்சின் கையை அவன் மனைவி அந்தோணியம்மாள் பிடித்து இழுத்தாள். "இங்கன பாரும்! நான் நிக்கேம்லா?" அவன் யாரோபோல் உதறினான். "பிளாரன்ஸு" என்றான்.

"ஏளா டீச்சரு! ஒம் புருசன நீ வச்சுக்கோ. எம் புருசனக் குடு!"

பிளாரன்ஸ் மண்டியிட்டு எழுபத்திரண்டால் வகுக்கத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு என்று ஈவு வர வர, அந்தந்த எண்ணுக்காரன் நின்று கண்ணைக் கசக்கினான். மூன்று விழுந்ததும் ரோச், "ஏம்ளா அழுத?" என்றான்.

ஏழு வரை வந்தாயிற்று. மணலில் 648 நின்றது. இப்போது எட்டு என்று போட்டால் எழுபத்திரண்டு மிஞ்சும். மிஞ்சட்டுமே? அலைக்குள் ஒருவன் இடுப்பளவு எழுந்து நின்றுகொண்டிருந்தான். ஒன்பதாம் ஆளோ இன்னும் இனிகோவின் கண்ணால் அவளைப் பார்த்தான். அவனுக்கும் வீட்டில் ஒருத்தி காத்திருந்தாள்.

ஒன்பது என்று எழுதினாள். மீதி பூஜ்யம்.

அலை வந்து மணலைத் துடைத்தது. நிமிர்ந்தபோது கடலில் யாரும் இல்லை.

மறுநாள் காலை கோயிலில் இனிகோவின் பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி எட்டைக் கேட்டது.

"எழுவத்திரண்டால பெருக்கு" என்றாள் டீச்சர். "ஆனா திரும்ப வகுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போணும், என்ன?"